தொலைந்த படத்துக்கு ஒப்பாரி, இருக்கும் படத்துக்குத் தராசு

1

தமிழ் சினிமா பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கட்டத்தில் யாராவது எழுந்து, "நம்ம முதல் படத்தோட ஒரு பிரதிகூட நம்மகிட்ட இல்லைங்க" என்பார். அரங்கம் ஒரு நொடி அமைதியாகும். நாலைந்து பேர் தலையை ஆட்டுவார்கள். பிறகு டீ வரும்.

இந்த அமைதியில் நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். தலையை ஆட்டியும் இருக்கிறேன். இப்போது எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. வாக்கியம் பொய் இல்லை. நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அதைச் சொல்லும் நாம் யாரும் எதையும் செய்யப் போவதில்லை என்பதற்கு அதுவே உத்தரவாதச் சீட்டாக மாறிவிட்டது. தொலைந்தது தொலைந்துவிட்டது, பழி நம் தாத்தாக்களுடையது, நமக்குத் துக்கம் மட்டும்தான் பாக்கி. சௌகரியமான துக்கம்.

அந்த முதல் படத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஆர். நடராஜ முதலியார் சென்னையில் மோட்டார் கார் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். ஸ்டீவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஒளிப்பதிவாளரிடம் புனேயில் கேமராவின் அடிப்படைகளைக் கற்றார். சென்னை திரும்பி, மில்லர்ஸ் ரோட்டில் இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கி 'கீசகவதம்' எடுத்தார். ஆண்டு 1917 என்பார்கள், 1918 என்பார்கள், அதைப் பற்றியே தனிச் சண்டை உண்டு. சென்னை வெக்கை ஃபிலிம் கழுவ ஒத்துவராது என்பதால் பெங்களூரில் வைத்துக் கழுவினார்கள். மௌனப் படம் என்பதால் இடையிடையே எழுத்துப் பலகைகள். இந்திப் பலகைகளை எழுதிக் கொடுத்தவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி. அடுத்தடுத்துச் சில புராணப் படங்கள் வந்தன. பிறகு ஸ்டுடியோவில் தீ, மகனின் மரணம். 1923ல் எல்லாவற்றையும் மூடிவிட்டு முதலியார் ஒதுங்கினார்.

இதுவரை எல்லாரும் சொல்வார்கள். இதற்கு அடுத்த வரியை மட்டும் சொல்ல மாட்டார்கள். நடராஜ முதலியார் 1971 வரை உயிரோடு இருந்தார். இந்தியாவின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டது 1964ல். அதாவது, தென்னிந்தியாவின் முதல் சினிமாக்காரரும் சினிமாவைக் காப்பாற்றுவதற்கென்றே உருவான அரசு நிறுவனமும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் 7 ஆண்டுகள் இருந்தார்கள். அந்த 7 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் சினிமா என்ன சாமானிய விஷயமாகவா இருந்தது? 1967ல் சினிமாவில் வசனம் எழுதியவர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். தெருவுக்குத் தெரு ரசிகர் மன்றம் இருந்தது. சினிமாவால் ஆளப்பட்ட ஒரு மாநிலத்தில், அந்த சினிமாவை முதலில் எடுத்த மனிதர் வயோதிகத்தில் உட்கார்ந்திருந்தார்.

எனவே 'காலம் அழித்துவிட்டது' என்ற பேச்சை முதலில் நிறுத்துவோம். காலம் நமக்கு நிறையவே அவகாசம் கொடுத்தது.

2

இப்போது வேறொரு ஊர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃபோர்ட் லீ. ஹட்சன் ஆற்றின் ஒரு கரையில் மன்ஹாட்டன், எதிர்க்கரையில் செங்குத்தான பாறைச் சரிவின் மேல் இந்தச் சின்ன ஊர். ஹாலிவுட் என்ற பெயருக்கு எந்த அர்த்தமும் இல்லாத காலத்தில் அமெரிக்க சினிமா இங்கேதான் வளர்ந்தது. நியூயார்க்கின் நாடக நடிகர்கள் காலையில் படகேறி வருவார்கள், நடித்துவிட்டு மாலை நாடகத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கிரிஃபித் தன் ஆரம்பக் காலக் குறும்படங்களில் பலவற்றை இங்கே எடுத்தார். 'தி லோன்லி வில்லா' 1909ல் இங்கே எடுத்ததுதான். ஊரில் இருந்த ஒரு மதுக்கடையின் வாசலே எத்தனையோ கௌபாய் படங்களில் டெக்ஸாஸாக நடித்திருக்கிறது.

1912ல் ஆலிஸ் கீ பிளாஷே என்ற பிரெஞ்சுப் பெண்மணி இங்கே சோலாக்ஸ் என்ற தன் ஸ்டுடியோவைக் கட்டினார். 'இயல்பாக இரு' என்று நடிகர்களுக்காக எழுதி மாட்டிவைத்தவர். நம் ஊர் சினிமா வரலாற்று வகுப்புகளில் இவர் பெயர் வந்து எத்தனை வருடம் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து தாண்டாது.

ஃபோர்ட் லீயின் பொற்காலம் 10 வருடம்கூட முழுசாக நீடிக்கவில்லை. வெயிலும் மலிவான நிலமும் தேடி எல்லாரும் கலிஃபோர்னியா போனார்கள் என்பதுதான் நாம் படித்தது. கூடவே இன்னொரு காரணமும் உண்டு, அதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிலக்கரி. முதல் உலகப் போரின் நடுவே 1917-18 குளிர்காலத்தில் நிலக்கரிக்குக் கடும் தட்டுப்பாடு. கண்ணாடிக் கூரை போட்ட அந்தப் பிரம்மாண்ட ஸ்டுடியோக்களைச் சூடேற்றக் கரி கிடைக்கவில்லை. அடுத்து இன்ஃபுளுயன்சா. மிச்சமிருந்தவர்களும் மேற்கே ரயிலேறினார்கள்.

பழுப்பு நிலக்கரிக்காகவே பிறந்த நெய்வேலியில் வளர்ந்தவன் நான். கரி இல்லாமல் ஒரு சினிமா ஊர் செத்தது எனக்கு வெறும் தகவலாக இருக்க முடியாது. கரி இருந்த எங்கள் ஊரில் சினிமா என்ன ஆனது என்று கேட்டுக்கொள்ளாமல் அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. அதற்கு வருகிறேன்.

ஃபோர்ட் லீயும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2013ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில், வெளியான வடிவத்திலேயே முழுமையாக எஞ்சியவை 14 சதவீதம்தான். உலகத்தின் பணக்கார நாடு, சினிமாவைத் தொழிலாக்கிய நாடு, அங்கேயே கதி இதுதான். ஆலிஸ் கீ வயதான காலத்தில் தன் படங்களைத் தேடி அலைந்து, பெரும்பாலானவற்றைப் பார்க்காமலேயே 1968ல் நியூ ஜெர்சியில் இறந்தார்.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்து போகவில்லை. 2000த்தில் ஊரின் பெயரில் ஒரு ஃபிலிம் கமிஷன் தொடங்கினார்கள். எந்தத் தெருவில் எந்த ஸ்டுடியோ இருந்தது என்று குறித்தார்கள். ஆலிஸ் கீயின் கல்லறையில் அவர் ஒரு சினிமா இயக்குநர் என்பதே எழுதப்படாமல் இருந்தது. 2012ல் புதுக் கல் வைத்தார்கள். 2022ல் ஒரு திரையரங்கும் அருங்காட்சியகமும் சேர்ந்த கட்டடம் அங்கே திறக்கப்பட்டது. இதைச் செய்தது ஹாலிவுட் இல்லை. ஆற்றோரத்து ஒரு சின்ன ஊர், தன் தாத்தா பாட்டிகளின் கதையைத் தானே எழுதிக்கொண்டது. என் பொறாமையெல்லாம் அந்தப் படங்கள் மேல் இல்லை, இந்த வேலை மேல்தான்.

3

"அது அமெரிக்கா சார், நம்ம ஊர்ல முடியுமா?" இதுதான் அடுத்து வரும். இந்தக் கேள்விக்குள் மூன்று சாக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதல் சாக்கு, வெயில். அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது, நம் வெக்கையில் அது தானே பற்றி எரிந்துவிடும். உண்மைதான். 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்தே போனது. ஆனால் 1937 ஜூலையில் ஃபோர்ட் லீக்குப் பக்கத்திலேயே லிட்டில் ஃபெரி என்ற ஊரில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கும் இதே மாதிரி வெக்கையில் தானாகப் பற்றி எரிந்தது. 40,000 சுருள்களுக்கு மேல் சாம்பல். தீடா பாரா என்ற மாபெரும் நட்சத்திரத்தின் படங்கள் ஏறக்குறைய மொத்தமாகப் போயின. வெயில் எல்லா ஊரிலும் வெயில்தான்.

தானாகப் பற்றிக்கொள்ளும் பொருளைப் பற்றி நெய்வேலிக்காரனிடம் பேசாதீர்கள். பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புகையும். விட்டால் எரியும். அதற்காகக் கரியை வேண்டாம் என்றா விட்டோம்? தண்ணீர் தெளிக்கிறோம், கிளறுகிறோம், ராப்பகலாக ஆள் போட்டுக் காவல் காக்கிறோம். ஏனென்றால் அதில் மின்சாரம் இருக்கிறது, காசு இருக்கிறது. எதில் மதிப்பு இருக்கிறது என்று நினைக்கிறோமோ அதற்குத் தண்ணீர் தெளிக்கத் தெரியும் நமக்கு.

இரண்டாவது சாக்கு, வறுமை. சோத்துக்கே வழியில்லாத நாட்டில் ஃபிலிமையா பாதுகாப்பார்கள்? இதைச் சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த சுருள்களை எடை போட்டு வாங்கி, கழுவி, வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றார்கள். ஒரு படத்தை எவ்வளவு கிலோ என்று பார்த்தவர்கள் பட்டினி கிடந்தவர்கள் இல்லை, வியாபாரிகள். அதே காலத்தில் அரசுச் சம்பளத்தில் இருந்த பி.கே. நாயர் என்ற ஒற்றை மனிதர், நாசிக்கில் பால்கேயின் குடும்பத்தைத் தேடிப் போய்ப் பெட்டிகளைக் கிளறி, 'ராஜா ஹரிச்சந்திரா', 'காளிய மர்தன்' சுருள்களைக் கொண்டுவந்தார். காசு காரணம் என்றால் அவரிடமும் இருந்ததில்லை.

மூன்றாவது சாக்குதான் ரொம்ப நாசூக்கானது: எது நல்லதோ அது எப்படியும் தப்பிப் பிழைக்கும். இலக்கிய வாசகர்கள் மத்தியில் இதற்கு மவுசு அதிகம். காலத்தின் சல்லடை, தகுதியுள்ளது தங்கும் என்றெல்லாம் சொல்லிப் பார்ப்பார்கள். தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் கிட்டத்தட்ட முழுசாகப் பிழைத்தது ஒன்றே ஒன்று, 1933ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா'. நாகர்கோவில்காரரான ஆர். சுந்தர்ராஜ் தயாரித்தது. அது ஏன் பிழைத்தது தெரியுமா? நாவலின் பதிப்பாளர் காப்புரிமை வழக்குப் போட்டார். படம் பறிமுதலாகி, பதிப்பகத்தின் அறையில் 40 வருடம் தூங்கியது. 1974ல் தேசிய ஆவணக் காப்பகம் அதை மீட்டது. திரையரங்குகளில் ஓடிய படங்களெல்லாம் தேய்ந்து, கிழிந்து, உருக்கப்பட்டுப் போயின. ஓட விடாமல் தடுக்கப்பட்ட படம் பிழைத்தது. காலத்தின் சல்லடையாம். ஒரு வக்கீல் நோட்டீஸுக்கு இருந்த சக்தி எந்தச் சல்லடைக்கும் இருக்கவில்லை.

அதே வட்டாரத்தில் இன்னொரு படம், 'விகதகுமாரன்'. முதல் மலையாளப் படம் என்பார்கள். எடுத்த ஜே.சி. டேனியல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். அதில் நாயகியாக நடித்த பி.கே. ரோசி ஒரு தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காக ஆதிக்க சாதிக் கும்பல் திரையரங்கில் கலவரம் செய்தது, அவருடைய குடிசையைக் கொளுத்தியது. அவர் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்து, தான் யார் என்பதையே மறைத்து வாழ்ந்து முடித்தார். படமும் இல்லை. அவர் முகம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல ஒரு புகைப்படமும் இல்லை. இதையும் காலம்தான் செய்தது என்று சொல்வீர்களா? எது அழிகிறது, யாருடைய முகம் அழிகிறது என்பதற்கு ஆள் இருக்கிறது, சாதி இருக்கிறது.

4

இவ்வளவு நேரம் மற்றவர்களைத் திட்டியாயிற்று. இனி என் கணக்கு.

நெய்வேலி நகரியத்தில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. ஜம்புலிங்க முதலியார் 1930களில் கிணறு தோண்டியபோது கறுப்பாய் ஏதோ வந்தது என்பதில் ஆரம்பிக்கும் ஊர்க்கதை, 1956ல் நிறுவனமாகி, 1957ல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்ததும் வேகம் எடுக்கிறது. வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், மரங்கள், பள்ளிக்கூடங்கள். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். எனவே இங்கே வளர்ந்த எங்களுக்கு 'பரண்' என்ற ஒன்றே தற்காலிகம்தான்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மாமா இருந்தார். உறவு இல்லை, ஆனால் மாமா. முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்போடு கட்டப்பட்ட நாட்களில் வேலைக்குச் சேர்ந்தவர். பயிற்சிக்காக ரஷ்யா போய்த் திரும்பும்போது சாவி கொடுத்து ஓட்டும் 8 எம்எம் கேமரா ஒன்றை வாங்கிவந்தார். அதில் சத்தம் பதிவாகாது. ஒரு சுருள் போட்டால் 4 நிமிடம். 60களிலும் 70களிலும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

1998 கோடையில் ஒரு ராத்திரி, அவர் வீட்டு ஹாலில் வேட்டியைக் கட்டி அந்தப் படங்களைப் போட்டுக் காட்டினார். நாங்கள் ஏழெட்டுப் பொடியன்கள். பாதி எழுந்த புகைபோக்கி. தலையில் முண்டாசோடு மண் சுமக்கும் பெண்கள். மரமே இல்லாத, கட்டாந்தரையாய்க் கிடக்கும் எங்கள் தெரு. அப்புறம் ஒரு ஏரிக்கரை, ஒரு அய்யனார் கோயில், பக்கத்தில் முந்திரித் தோப்பு, குடத்தோடு போகும் ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள், உடனே முகத்தை மூடிக்கொள்வாள். "இது எந்த ஊர் மாமா?" என்று கேட்டேன். "இப்ப அது ஊர் இல்லடா, சுரங்கம்" என்றார். அத்தை உள்ளேயிருந்து, "பசங்களுக்கு முறுக்கு குடுங்க, சும்மா குழியக் காட்டிக்கிட்டு" என்றார்.

மாமா ஓய்வு பெற்றுத் திருச்சிக்கு மகன் வீட்டுக்குப் போனபோது, அங்கே இடம் இல்லை என்று புரொஜெக்டரையும் சுருள் பெட்டியையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். "அப்புறம் வந்து எடுத்துக்கறேன்." அது எங்கள் பரணில் ஏறியது.

2011ல் அப்பாவின் முறை. வீட்டைக் காலி செய்யும் பொறுப்பு என்னுடையது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உலக சினிமா பைத்தியம் தலைக்கேறியிருந்தது. பகலில் மூட்டை கட்டுவேன், ராத்திரி மடிக்கணினியில் படம் பார்ப்பேன். அந்த வாரம் பார்த்தது ஆலிஸ் கீ 1912ல் எடுத்த 'ஃபாலிங் லீவ்ஸ்'. கடைசி இலை விழும்போது அக்கா செத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்ட குட்டித் தங்கை, ராத்திரியில் எழுந்துபோய் உதிர்ந்த இலைகளை நூலால் மரத்தில் கட்டுகிறாள். பார்த்துவிட்டு அழுதேன். வலைப்பதிவில் ஒரு பத்தி எழுதினேன், 'நம்மிடம் இப்படி ஒரு மௌனப் படம்கூட இல்லையே' என்று.

மறுநாள் காலை பழைய சாமான்காரர் வந்தார். பரணிலிருந்து இறக்கிய அந்தப் பெட்டியைத் திறந்தேன். குப்பென்று ஒரு புளித்த வாடை. "என்னப்பா இது, நாத்தம் அடிக்குது." அப்பா வெளியே போயிருந்தார். சாமான்காரர் ஒரு சுருளை எடுத்து உதறிப் பார்த்தார். "இது பிளாஸ்டிக்ல சேராது தம்பி. டப்பா மட்டும் தகரம், அத எடைக்குப் போட்டுக்கறேன்." நான் தலையை ஆட்டினேன். பழைய பேப்பர், இரண்டு அலுமினியக் குண்டான், தகர டப்பாக்கள் எல்லாம் சேர்த்து 340 ரூபாய் கொடுத்தார். சுருள்களை டப்பாவிலிருந்து உருவி ஓரமாகப் போட்டார். குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போனது.

அந்த வாடை என்ன என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். 8 எம்எம் சுருள் நைட்ரேட் இல்லை, அசிடேட். அது கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை வரும். அந்த வாடை படம் செத்துவிட்டதன் அடையாளம் இல்லை. உடனே பிரதி எடுங்கள் என்று படமே கொடுக்கும் எச்சரிக்கை. இன்னொன்றும் படித்தேன். வீட்டுப் படங்களுக்குப் பயன்பட்ட அந்த வகைச் சுருளில் நெகடிவ் கிடையாது. கேமராவுக்குள் போன அதே சுருள்தான் கழுவி, புரொஜெக்டரிலும் ஓடுகிறது. கீசகவதத்துக்காவது பல பிரதிகள் போட்டு ஊர் ஊராக அனுப்பினார்கள். குடத்தோடு சிரித்த அந்தப் பெண்ணுக்கு உலகத்திலேயே ஒரு பிரதிதான். அதை நான் கொடுத்துவிட்டேன்.

2019ல் மாமா போன் செய்தார். கண் சரியாகத் தெரியவில்லை, பேரன் ஏதோ கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறானாம். "தம்பி, அந்தப் பெட்டி பத்திரமா இருக்குல்ல?" நான், "இருக்கு மாமா" என்றேன். அடுத்த வருடம் அவர் காலத்தில் கட்டிய அந்த அனல்மின் நிலையத்தை முழுதாக மூடினார்கள். 1962லிருந்து ஓடியது. அதற்கு அடுத்த வருடம், கொரோனா இரண்டாம் அலையில், மாமாவும் போய்விட்டார். அந்தப் பேரனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவன் படித்தால் தெரிந்துகொள்வான்.

5

ஒரு தனிமனிதனின் குற்ற உணர்ச்சியைப் பொதுப் பிரச்சினை ஆக்குகிறேன் என்று சொல்லலாம். சரி, பொதுவாகவே கேட்கிறேன்.

நேரு வந்த அன்றைக்குக் கேமராக்கள் வந்திருக்கும். அரசு எங்கே போனாலும் கேமரா கூடப் போகும். அந்த ஏரிக்கரைக்கு எந்த அரசு கேமராவும் போகவில்லை, போகாது. நெய்வேலியைச் சுற்றி நிலத்துக்கான சண்டை இன்றும் முடியவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கியதை நாடே செல்போனில் பார்த்தது. 60களில் இருந்த ஊர்களுக்கு அப்படி ஒரு செல்போன் இல்லை. ஒரு ஊர் இருந்தது, அதில் ஆட்கள் இப்படி நடந்தார்கள், இப்படி வெட்கப்பட்டார்கள் என்பதற்கான அசையும் சாட்சி, யாரோ ஒரு ஆபரேட்டரின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கில்தான் இருந்தது. வரலாறு என்று நாம் கூப்பிடும் சமாச்சாரத்தில் முக்கால்வாசி இப்படிப் பரணில்தான் கிடக்கிறது.

உடனே, "இப்பத்தான் எல்லாமே டிஜிட்டல் ஆச்சே" என்பார்கள். ஆகவில்லை. 1985லிருந்து 2005 வரை தமிழ்நாட்டின் கல்யாணங்கள், காதணி விழாக்கள், ஆண்டு விழாக்கள், கட்சி மாநாடுகள், கூத்துகள், சாவுகள் எல்லாம் விஎச்எஸ் கேசட்டில் கிடக்கின்றன. அதைப் போட்டுப் பார்க்கும் இயந்திரத்தைத் தயாரித்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016ல் கையை விரித்துவிட்டது. காந்தப் பூச்சு உதிர்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும்? நடராஜ முதலியாரின் 7 வருடத்தை எப்படி வீணடித்தார்கள் என்று முகம் சுளிக்கிறோமே, நம்முடைய 7 வருடம் இதுதான். இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

டிஜிட்டலில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பதும் மூடநம்பிக்கை. ஹார்ட் டிஸ்க் சாகும். கடவுச்சொல் மறந்துபோகும். நெய்வேலிச் சுரங்கத்துக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. 24 மணி நேரமும் பம்ப் ஓட வேண்டும். நின்றால் சுரங்கம் மூழ்கும். 60 வருடமாக ஒருநாள் விடாமல் இறைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பையனுக்குக்கூட இது தெரியும். ஆவணக் காப்பு என்பதும் அப்படிப்பட்ட வேலைதான். திறப்பு விழா நடத்தி, குத்துவிளக்கு ஏற்றி, முடிக்கக்கூடியது இல்லை. இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அரசு செய்யட்டும் என்றால் செய்யட்டும், கேட்போம். சினிமாவால் வளர்ந்த மாநிலத்தில் சினிமாவுக்கென்று குளிரூட்டிய ஒரு முறையான பாதுகாப்பகம் கேட்பது பேராசை இல்லை. ஆனால் நாம் கைகழுவிக்கொள்வதற்காக அரசைக் கேட்பதும், வேலையைத் தொடங்கிவிட்டுக் கேட்பதும் ஒன்றில்லை. தியடோர் பாஸ்கரன் தமிழ் மௌனப் பட வரலாற்றை எழுத ஆரம்பித்தபோது அவருக்கு முன்னால் படங்கள் இல்லை. பழைய பத்திரிகைகளையும் அரசு ஆவணங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் புரட்டி எழுதினார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் யாரும் கேட்காமலேயே புகைப்படங்களையும் தகவல்களையும் சேர்த்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டையே நூலகமாக்கினார். அவர் சேர்த்துவைத்ததிலிருந்துதான் சென்னையில் ஒரு ஆய்வு நூலகம் எழுந்தது. யாரும் கூட்டத்தில் எழுந்து நின்று பெருமூச்சு விட்டதால் வந்தவை இல்லை இவை.

6

ஆகவே, இளம் நண்பர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'நம் முதல் படம் தொலைந்துவிட்டது' என்று ஒரு பதிவு போடத் தோன்றினால், போடுவதற்கு முன் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். பரணில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேசட்டா, சுருளா, நெகடிவா. கேசட்டில் வெள்ளையாய்ப் பூஞ்சை தெரிந்தால் ஆர்வக்கோளாறில் பிளேயரில் போட்டுவிடாதீர்கள், நாடாவும் போகும், தலையும் கெடும். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், அந்த வாடை அடுத்த சுருளையும் கெடுக்கும். மேலே ஒரு தாளில் எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த வருடம். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். அந்தக் கூட்டத்தில் நிற்கும் 20 பேரில் 15 பேரின் பெயர் அவருக்கு மட்டும்தான் தெரியும். பெயர் இல்லாத படம் பாதி தொலைந்த படம். ரோசியின் முகத்துக்கு நடந்தது அதுதானே.

உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் கொட்டகையின் ஆபரேட்டர் உயிரோடு இருந்தால், போய்ப் பேசுங்கள். கார்பன் குச்சி எப்படி எரியும், சுருள் அறுந்தால் எப்படி ஒட்டுவார்கள், இடைவேளைக்கு என்ன ஸ்லைடு போடுவார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

"இதெல்லாம் இலக்கியமா?" என்று கேட்கும் ஒருவர் எப்போதும் இருப்பார். நாமெல்லாம் அசல் பிரதி, பாடபேதம் என்று சுவடிகளுக்காக உ.வே.சா.வைக் கும்பிடுகிறவர்கள்தானே? அவர் கரையான் தின்ற ஏடுகளைத் தேடி வீடு வீடாகப் போனார். ஆற்றில் விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களைப் பார்த்து மனம் நொந்தார். நானும் அப்படி ஆற்றில் விட்டவன்தான்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. பழைய விஎச்எஸ் பிளேயர் ஒன்றைப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன். நகரியத்தில் யார் வீட்டில் ஓய்வு வருகிறது என்று பள்ளி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் தெரிந்துவிடும். வீடு காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்னால் போய் நிற்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர், "கல்யாண கேசட்ட வச்சு என்னப்பா பண்ணப் போற?" என்கிறார்கள். போன மாதம் ஒரு கேசட்டில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பின்னால், நான் படித்த பள்ளியின் பழைய கட்டடமும் அதன் வாசலில் ஐஸ் விற்ற தாத்தாவும் 3 நொடி வந்து போனார்கள். அவர் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போகிறேன். அவளுடைய அப்பாவுக்கு இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. 11 கேசட்டும் என்னவென்றே தெரியாத ஒரு தகர டப்பாவும் இருக்கிறதாம். "டப்பாவத் திறந்தா ஒரு மாதிரி புளிச்ச வாடை வருதுடா, தூக்கிப் போட்றவா?" என்று கேட்டாள்.

மூடி வை, நான் வரும்வரை யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.